உள்ளப் பிணியும் நம் முன்னோரும்

பௌர்ணமி இரவுகளில் எங்கள் திருவண்ணாமலையில் உறங்குவோர் குறைவு. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் இலட்சக்கணக்கான மக்கள் வெறுங்காலுடன் நடந்து செல்வர். பொழுது புலர்ந்ததும் பேருந்துகள் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். போகாமல் நின்றுவிடுவோரும் சிலர் உண்டு. எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர்கள் அவர்கள். உடன் வந்தோர் கூட்டத்தின் நடுவே கையை விட்டுவிட்டுப் போயிருப்பர். சுபுஹுத் தொழுகைக்குச் செல்லும் வழியில், கடை வாசல்களில் சுருண்டு கிடக்கும் இத்தகையோரைப் பல ஆண்டுகளாக நான் கண்டு வருகிறேன்.

மன அமைதி தேடிக் கடல் கடந்தும் மக்கள் வரும் ஊர் இது. 1896ஆம் ஆண்டில் இளைஞராக வந்த இரமணர் வாழ்ந்து மறைந்த ஊர். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே வந்து 1929இல் மறைந்த சேஷாத்திரி சுவாமிகளைப் பித்தர் என்றே பலர் கருதினர். ஆயினும் ஊர் அவரை விரட்டவில்லை. மனம் அமைதி பெற வேண்டும் என்போரும், மனம் சிதைந்ததனால் கைவிடப்பட்டோரும் ஒரே தெருவில் தங்கியிருப்பதைப் பார்க்கும்போது, நம் சமுதாயம் இந்தப் பிணியை எவ்வாறு நோக்கி வந்துள்ளது என்னும் வினா எனக்கு எழுவதுண்டு.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. ‘மஜ்னூன்’ என்னும் அரபுச் சொல்லைக் கேட்டவுடன் ஜின் பிடித்தவன் என்றே நம்மில் பலர் பொருள் கொள்கின்றனர். இதன் வேர்ச்சொல் ‘ஜன்ன’ என்பது. மூடியது, மறைத்தது என்பது அதன் பொருள். தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் கரு ‘ஜனீன்’. மரங்களால் நிலம் மூடப்பட்ட சோலை ‘ஜன்னத்’. உடலை மறைத்துக் காக்கும் கேடயம் ‘ஜுன்னா’. அவ்வாறே அறிவு மூடப்பட்டவன் ‘மஜ்னூன்’. மூடப்பட்டது என்றால் உள்ளே இருக்கிறது என்றுதானே பொருள்! தமிழிலோ பித்து, பைத்தியம் என்னும் சொற்கள் பித்தத்தோடு உறவுடையவை. உடலின் நாடியிலிருந்து நோயைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. ஆக, இரு மொழிகளிலும் பழி என்பது சொல்லில் இல்லை. பின்வந்த நாம் ஏற்றி வைத்ததே அது. பெருமானார் (ஸல்) அவர்களையே மக்கத்துக் குறைஷிகள் ‘மஜ்னூன்’ என்று ஏசினர் என்பதும், திருமறை அதை மறுத்துரைத்தது என்பதும் நாம் ஓதி அறிந்தவை. அந்த ஏச்சை இன்று பிறர் வீட்டுப் பிள்ளைகள்மீது வீசுகிறோம்.

உறங்குபவர், சிறுவர், அறிவு பிறழ்ந்தவர் ஆகிய மூவரின் செயல்களை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்னும் நபிமொழியை நம் ஃபிக்ஹு நூல்கள் அடித்தளமாகக் கொள்கின்றன. உள்ளத் துயருக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் செய்த பரிகாரம் இன்னும் இனியது. இறப்பு நிகழ்ந்த வீட்டில் கூடியவர்கள் கலைந்த பின், ‘தல்பீனா’ என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் சொல்லித் துயருற்றோரைப் பருகச் செய்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துக் கவலையைச் சிறிது போக்கும் என்று பெருமானார் (ஸல்) கூறக் கேட்டதாக அறிவித்தும் இருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. எல்லாரும் போன பின்னரே துக்கம் கனக்கிறது என்பதை அறிந்தவர்கள், அந்த நேரம் பார்த்து அடுப்பை மூட்டினார்கள்.

இனி, நான் சொல்ல விரும்பும் பெரியாரிடம் வருகிறேன். அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள் பல்க் நகரை அடுத்த சிற்றூரில் 850ஆம் ஆண்டளவில் பிறந்து 934இல் (ஹிஜ்ரி 322) மறைந்தவர். தத்துவ மேதை அல்கிந்தியிடம் பயின்றவர். புவியியல் வரலாறு எழுதுவோர் இவர் பெயரைத் தவறாது குறிப்பர். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்பது இவர் இயற்றிய நூல். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பன என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். முற்பகுதி உடலைப் பற்றியது. எட்டு அதிகாரங்கள் கொண்ட பிற்பகுதி உள்ளத்தைப் பற்றியது. இதன் சுவடி இஸ்தான்பூலில் இருந்தது. 1984இல் ஃபுவாத் ஸெஸ்கின் அதை ஒளிநகலாக வெளியிட்டார். உள்ளம் பற்றிய பகுதியைச் சூடானிய உளவியலறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 2013இல் வெளிவந்தது. மதரஸாவில் நான் ஓதிய ஆண்டுகளில் இந்நூலின் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பல்கீயின் வாதம் எளியது. உடல் நோய் சிலருக்குச் சில காலங்களில் வரும். ஆண்டுக்கணக்கில் காய்ச்சலே காணாதவரும் உண்டு. ஆனால் கோபம், அச்சம், துயரம், வீண் எண்ணம் ஆகியவை ஒருவரையும் விடுவதில்லை, அன்றாடம் வந்து போகின்றன. அப்படியிருக்க, மருத்துவர்கள் உடலை மட்டும் பார்ப்பது ஏன் என்று அவர் கேட்கிறார். முன்னறிவுள்ள குடும்பம் வீட்டில் மருந்துகளைச் சேர்த்து வைப்பது போல, மனம் நலமாயிருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைத் தேடிச் சேமித்து வைக்க வேண்டும், துயரம் தாக்கும் வேளையில் அவற்றை எடுத்து வழங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். உள்ளிருந்து செய்யும் சிகிச்சை இது. தன் மனம் தன் சொல் கேளாதபோது பிறருடைய அறிவுரையைச் செவிமடுப்பது புறத்தேயிருந்து செய்யும் சிகிச்சை. உடல் நோயாளி மருத்துவரை நாடுவதைப் போன்றதே அதுவும் என்பார். இன்று உளவியல் ஆலோசனை என்ற பெயரில் நடப்பது, எண்ணத்தைக் கண்டு திருத்தி உணர்ச்சியை ஆற்றுவது, ஏறக்குறைய இதுதான்.

துயரத்தையும் அவர் இரண்டாகப் பிரிக்கிறார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று: இறப்பு, இழப்பு, பிரிவு. காரணமே தெரியாமல் நெஞ்சை அழுத்தும் துயரம் மற்றொன்று. முன்னதற்குச் சொல்லும் சிந்தனையும் மருந்து. பின்னது உடலிலிருந்து, அவர் காலத்து மொழியில் சொன்னால் இரத்தத்தின் கேட்டிலிருந்து, எழுவது. அதற்கு உடல் மருத்துவமே முதன்மை. ‘உனக்கு என்ன குறை? ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்?’ என்று மருமகளைக் கேட்கும் வீடுகளில் இப்பகுதியைப் படித்துக் காட்டலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பாக்தாது நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியராக இருந்தபோது, ஹிஜ்ரி 488 ரஜபில் (1095), நாவு கட்டுண்டு பாடம் சொல்ல இயலாமற் போனார்கள். உணவு செரிக்கவில்லை. இது உள்ளத்தில் விழுந்து உடலுக்குப் பரவியது, எங்கள் மருந்து பலிக்காது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். இவற்றையெல்லாம் ‘அல்முன்கித்’ நூலில் இமாமவர்களே எழுதி வைத்தார்கள். ஈமான் குறைந்தவர்க்கே மனநோய் வரும் என்போர், இதற்கு என்ன விடை சொல்வர்?

மருத்துவமனைகளைப் பற்றிப் பெருமை பேசுவது நம் மேடைகளில் வழக்கம். டமாஸ்கஸில் நூரி (1154), கெய்ரோவில் மன்சூரி (1284), எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மருத்துவமனை (1488) என அடுக்குவோம். எதிர்னேயில் நோயாளிகளுக்காக வாரம் மும்முறை பத்து இசைவாணர்கள் இசைத்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியதும் உண்மையே. மனநோயாளியை ஊருக்கு வெளியே துரத்தாமல் மருத்துவமனைக்குள் இடம் தந்தது மெய்யான சாதனை. ஆனால் 1180களில் அப்பக்கம் சென்ற இப்னு ஜுபைர், கெய்ரோவில் மனநோயாளிகளின் அறைச் சாளரங்களில் இரும்புக் கம்பிகளையும், டமாஸ்கஸில் அவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததையும் ஒளிக்காமல் குறித்துள்ளார். இசையை நினைவில் வைத்துச் சங்கிலியை மறப்பது வரலாறு ஆகாது.

நம் மாகாணத்தில் 1794இல் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு காப்பகம் தோன்றியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய காப்பகம் எழுந்தது. 1922இல் அது மனநல மருத்துவமனை என்னும் பெயர் பெற்றது. பெயர் மாறியும் ஊரார் வாய் மாறவில்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்பதே வசைச்சொல் ஆயிற்று. அங்குக் கண்காணிப்பாளராக இருந்து, பின் 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் சாரதா மேனன், நோயாளி குணமாகிப் பிழைப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே 2021இல் மறையும்வரை உழைத்தார்.

இப்போது ஏர்வாடிக்கு வர வேண்டும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை அண்டித் தனியார் நடத்திய கூரைக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். கனவில் உத்தரவு கிடைக்கும்வரை காத்திருக்கட்டும் என்று குடும்பத்தாரால் விடப்பட்டவர்கள் இவர்களுள் உண்டு. இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர்.

என் கதையும் இங்கே கலக்கிறது. அப்போது நான் இளம் வயதினன். மாலை மக்தபில் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன், பதினேழு வயது, ஹவுளில் ஒளுச் செய்ய உட்கார்ந்தால் எழமாட்டான். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவுவான். ஜமாஅத்து முடிந்து நாங்கள் வெளியே வரும்போதும் தண்ணீரில்தான் இருப்பான். தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. அவன் தந்தை என்னிடம் அழைத்து வந்தார். ‘ஷைத்தானுடைய வஸ்வாஸ் பாய், ஓதிப் பார்ப்போம்’ என்றேன். ஓதினேன், ஊதினேன். ஒன்றும் ஆகவில்லை. வேறோர் ஊரின் பெயரைச் சொல்லி, ‘அங்கே கொண்டுபோய்ச் சில மாதம் தங்க வையுங்கள்’ என்று அனுப்பியவனும் நானே.

ஏர்வாடிச் செய்தி நாளிதழில் வந்த காலையில், பள்ளிவாசல் படியில் அம்மனிதர் நின்றிருந்தார். கையில் இதழ். ‘ஹஜ்ரத், என் பிள்ளையையும் அப்படித்தான் கட்டி வச்சிருக்காங்க’ என்றார். அதற்குமேல் பேசவில்லை. அன்றிரவே இருவரும் புறப்பட்டோம். நாங்கள் போன இடமும் ஒரு கீற்றுக் கொட்டகைதான். அவனுடைய வலக் கணுக்காலில் புண் ஆறி, மீண்டும் புண்ணாகி, வளையமாகக் கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் அவன் கேட்டது: ‘ஹஜ்ரத், இங்கே தண்ணி கொஞ்சமாத்தான் தர்றாங்க. என் தொழுகை கூடுமா?’

அரசு மருத்துவமனையில் அவனைப் பார்த்த மனநல மருத்துவர் மாற்று மதத்தவர். இது பல ஆயிரம் பேருக்கு உள்ள நோய் என்றும், மாத்திரையும் பயிற்சியும் வேண்டும் என்றும் விளக்கினார். பயிற்சி என்பது, கை அழுக்கென்று மனம் கதறும்போதும் கழுவாமல் பொறுத்திருப்பது. முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. பொறுத்திருக்கப் பொறுத்திருக்க அச்சம் தானே தணிகிறது. அதன்பின் அவர் என்னிடம் கேட்டார்: ‘உங்கள் சட்டப்படி எத்தனை முறை கழுவினால் போதும்?’ மும்முறை, அதற்குமேல் செய்பவர் வரம்பு மீறியவர் என்று நபிமொழி உள்ளது என்றேன். ‘அதை நீங்களே அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டான்’ என்றார். உறுதி ஐயத்தால் நீங்காது என்பது நாங்கள் மனப்பாடம் செய்த ஃபிக்ஹு விதி. அதை ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்தாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. பல்கீ (ரஹ்) தம் நூலின் இறுதியில் வஸ்வாஸைப் பற்றி எழுதுகையில், அத்தகையவரைத் தனிமையில் விடாதீர்கள், துணையோடும் வேலையோடும் இருக்கச் செய்யுங்கள் என்கிறார். நான் அவனைத் தனிமைக்கு அனுப்பினேன்.

ஏர்வாடிக்குப் பின் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, மனநோயாளிகளைக் கோயில்களுக்கும் தர்காக்களுக்கும் அல்ல, மருத்துவர்களிடமே அனுப்ப வேண்டும் என்பதை மக்களுக்கு உணர்த்துமாறு பணித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது.

ஆனால் புனிதத் தலங்களுக்குச் செல்வது முழுதும் வீண் என்றும் நான் கூறமாட்டேன். தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை பெங்களூர் ஆய்வாளர்கள் கவனித்து 2002இல் எழுதினர். மருந்தின்றிச் சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே அடி இல்லை. அன்போடு ஏற்றுக்கொள்ளும் சூழல் இருந்தது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008இலும், பின்னர் ஏர்வாடியிலும், துஆவுடன் தவாவும் சேரட்டும் என்று தர்காவை ஒட்டியே மனநல மருத்துவரை அமர்த்தியது எனக்குச் சரியாகப் படுகிறது. ஓதுபவரிடம்தான் மக்கள் முதலில் வருகின்றனர். அவர் அடுத்த வாசலைக் காட்டினால் போதும்.

அந்த மாணவனுக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. கடை வைத்திருக்கிறான். இரு பெண் குழந்தைகள். மாத்திரையை மருத்துவர் சொற்படி குறைத்துக்கொண்டான், முற்றும் விடவில்லை. தேர்வுக் காலத்திலும் நோன்பு மாதத்திலும் பழைய அச்சம் எட்டிப் பார்க்கும் என்பான். அவ்வேளைகளில் ஹவுளில் எனக்கு அருகில் வந்து உட்கார்ந்துகொள்வான். நான் எழும்போது அவனும் எழுவான்.

சென்ற மாதம் ஒரு தாய், பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆன மகளை அழைத்து வந்து, நூல் ஓதிக் கட்டச் சொன்னார். மகள் குழந்தையை ஏறிட்டும் பார்க்கவில்லை. துஆ ஓதினேன். பிறகு ஒரு தாளில் எங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மையார் தாளைப் புரட்டிப் பார்த்து, ‘இதுல ஓதலையா ஹஜ்ரத்?’ என்றார். அவர் கையிலிருந்து அதை வாங்கி, ஓதி, ஊதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் போனார்கள்.