மூத்தவரா, இளையவரா? அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் சர்ச்சையின் வரலாறு (1950–2025)

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கி ஆடும் அணிக்கு 11 பேர். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக் கையில். எறிவதா, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினாலும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. குவாட்டர்பேக் இடத்தில் மட்டும் ஒருவருக்குத்தான் இருக்கை. அதனால் சாதித்துக் காட்டிய மூத்தவரும் நம்பிக்கையூட்டும் இளையவரும் ஒரே அணியில் இருந்துவிட்டால் ஊர் இரண்டுபட்டுப்போகும். பெஞ்சில் இருக்கும் இரண்டாவது குவாட்டர்பேக்கைவிட ஊரில் செல்வாக்கானவர் எவரும் இல்லை என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மூத்தவர் கட்சி அனுபவத்தையும் நன்றிக்கடனையும் பேசும். இளையவர் கட்சி வருங்காலத்தைப் பேசும். இந்த வாதங்கள் முக்கால் நூற்றாண்டாக அதிகம் மாறவில்லை. முடிவெடுக்கப்படும் விதம்தான் மாறியிருக்கிறது. இளையவருக்குக் கதவைத் திறந்துவிட்டது பெரும்பாலும் மூத்தவரின் காயம்; இருவரில் யார் தங்குவது என்பதை நாளடைவில் தன் கைக்குள் கொண்டுவந்தது ஊதியக் கணக்கு. பயிற்சியாளரின் மதிப்பீட்டுக்கு நாம் கொடுக்கும் இடம் சற்று அதிகம் என்பதே என் வாசிப்பு.

இருவரும் ஆடிய காலம்

1950-இல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கட்டுப்பாடற்ற ஆள்மாற்றத்தை நிரந்தர விதியாக்கியது. அதற்கு முந்தைய தலைமுறை வீரர்கள் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் ஆடிப் பழகியவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் பாப் வாட்டர்ஃபீல்ட் அப்படிப்பட்டவர்: பந்தை எறிவார், உதைப்பார், தடுப்பிலும் நிற்பார். 1945-இல் அணி கிளீவ்லாந்தில் இருந்தபோது, தன் முதல் சீசனிலேயே சாம்பியன் பட்டத்தையும் லீக்கின் சிறந்த வீரர் விருதையும் வென்றவர். போதாக்குறைக்கு நடிகை ஜேன் ரசலின் கணவர். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டே 1949-இல் நார்ம் வான் பிராக்ளினையும் ராம்ஸ் சேர்த்துக்கொண்டது. வாட்டர்ஃபீல்டைவிட அவர் ஆறு வயது இளையவர். பந்து எறிவதே அவருக்குத் தொழில்.

பயிற்சியாளர் ஜோ ஸ்டைடஹார் ஆட்டத்தையே இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். 1950-இல் ராம்ஸ் 12 ஆட்டங்களில் 466 புள்ளிகள் குவித்தது. 1951 சீசனின் முதல் ஆட்டத்தில் வாட்டர்ஃபீல்ட் காயத்தால் இறங்கவில்லை. வான் பிராக்ளின் முழு ஆட்டமும் ஆடி 554 கெஜம் எறிந்தார். ஒரே ஆட்டத்தில் அதிக கெஜம் எறிந்த அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அப்படியிருந்தும் அடுத்த வாரங்களில் பங்கீடு தொடர்ந்தது. அந்த ஆண்டு கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு எதிரான இறுதிப் போட்டியில் டாம் ஃபியர்ஸுக்கு 73 கெஜ டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்தல்) எறிந்து 24–17 வெற்றியைத் தந்தவர் வான் பிராக்ளின். வாட்டர்ஃபீல்ட் 1952-உடன் ஓய்வு பெற்றார். யாரையும் யாரும் துரத்தவில்லை. ஆள்மாற்ற விதி இடம் கொடுத்தது. இருவரின் சம்பளமும் அணிக்குச் சுமையாக இல்லை.

இந்தப் பங்கீட்டைக் கேலிக்கூத்தாகும் அளவுக்குக் கொண்டுபோனவர், முறையும் ஒழுங்கும் உருவெடுத்தவர் என்று பெயர் வாங்கிய பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி. 1971-இல் டல்லஸ் கவ்பாய்ஸில் கிரெய்க் மார்ட்டனும் ரோஜர் ஸ்டாபாக்கும் இருந்தார்கள். அனுபவத்தில் மூத்தவர் மார்ட்டன். வயதில் ஒரு வருடம் மூத்தவர் ஸ்டாபாக். கடற்படைப் பணியை முடித்துவிட்டு 27 வயதில் அணிக்கு வந்ததால் ஸ்டாபாக் ‘புதியவர்’ ஆகிவிட்டார். முதலில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆளை மாற்றிப் பார்த்த லாண்ட்ரி, அக்டோபர் 31 அன்று சிகாகோவில் பேர்ஸுக்கு எதிராக ஒவ்வொரு நகர்வுக்கும் ஆளை மாற்றினார். ஒருவர் லாண்ட்ரியிடமிருந்து அடுத்த திட்டத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடுவார், ஆடுவார், வெளியே வருவார்; அதற்குள் மற்றவர் உள்ளே ஓடிக்கொண்டிருப்பார். டல்லஸ் 23–19 என்று தோற்றது. கணக்கு 4 வெற்றி, 3 தோல்வி. அதன்பின் லாண்ட்ரி ஸ்டாபாக்கைத் தேர்ந்தெடுத்தார். சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பவுல் வரை ஒன்றிலும் தோல்வியில்லை. இறுதியில் மயாமி டால்ஃபின்ஸை 24–3 என்று வென்றார்கள்.

அதே காலத்தில் வாஷிங்டனில் சானி ஜர்கன்சன், பில்லி கில்மர் இருவரின் ஆதரவாளர்களும் கார்களின் பின்பக்கம் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். ரசிகர் விருப்பம் தேர்தல் பிரசார வடிவம் எடுத்ததற்கு இது நல்ல சான்று. பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலன், கில்மரின் நிதானத்தையே விரும்பினார் என்பது வேறு.

மூத்தவர்–இளையவர் என்ற பேச்சு வேறொன்றுக்குத் திரையான தருணங்களும் உண்டு. 1974-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், டெர்ரி பிராட்ஷாவை உட்காரவைத்துவிட்டு ஜோ கில்லியமை இறக்கியது. கில்லியம் கறுப்பினத்தவர். ஆறு ஆட்டங்களில் அணி ஒன்றில்தான் தோற்றிருந்தது. ஆனால் கொலை மிரட்டல்களும் இனவெறிக் கடிதங்களும் வந்து குவிந்தன. பிறகு பிராட்ஷாவே திரும்பினார், அணி சூப்பர் பவுல் வென்றது. அனுபவம் வென்றது என்று எழுதப்பட்ட அந்த வரலாற்றில் இந்தக் கடிதங்களுக்கும் ஒரு பத்தி உண்டு.

காயமும் இடமும்

அந்நாளில் எழுதாத மரபு ஒன்று இருந்தது: காயத்தால் வெளியேறுபவர் காயத்தால் இடத்தை இழக்கக் கூடாது. 1972-இல் மயாமியின் பாப் கிரீசி கால் உடைந்து வெளியேற, 38 வயது ஏர்ல் மாரல் இறங்கி ஓர் ஆட்டமும் தோற்காமல் அணியைக் கொண்டுசென்றார். அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தின் முதல் பாதியில் தாக்குதல் சற்றுத் தடுமாறியதும் பயிற்சியாளர் டான் ஷுலா கிரீசியை இறக்கினார். சூப்பர் பவுலையும் அவரையே தொடங்கவைத்தார். மாரல் முறையிடவில்லை.

இந்த மரபு உடைந்த இடம் சான் பிரான்சிஸ்கோ. 1987-இல் பயிற்சியாளர் பில் வால்ஷ், ஜோ மான்டானா உச்சத்தில் இருக்கும்போதே டாம்பா பேயிலிருந்து ஸ்டீவ் யங்கை வாங்கினார். மான்டானாவின் முதுகில் முந்தைய ஆண்டுதான் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 1988 ஜனவரியில் மின்னசோட்டாவுக்கு எதிரான பிளே-ஆஃப் தோல்வியில் வால்ஷ் நடு ஆட்டத்தில் மான்டானாவை எடுத்துவிட்டு யங்கை அனுப்பினார். அடுத்த சீசன் முழுக்க அதே பேச்சு. மான்டானா சொன்ன பதில் 92 கெஜம்: சின்சினாட்டிக்கு எதிரான சூப்பர் பவுலில் கடைசி மூன்றரை நிமிடத்துக்குள் அத்தனை தூரம் அணியை நகர்த்தி 20–16 என்று வென்றார். மறு ஆண்டு டென்வரை 55–10 என்று நொறுக்கினார். யங் பெஞ்சில் காத்திருந்தார்.

1991 ஜனவரி 20 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸின் லெனார்ட் மார்ஷல் பின்னாலிருந்து மோதியதில் மான்டானா நிலைகுலைந்து விழுந்தார். அதன்பின் 1991 சீசனில் அவர் ஆடவே இல்லை. 1992-இல் கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதி மட்டும். அதில் இரண்டு டச் டவுன் எறிந்து அரங்கத்தையே எழுப்பிவிட்டார். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதோ யங்குக்கு. 1993 வசந்தத்தில் அணி நிர்வாகம் மான்டானாவையே தொடக்க வீரர் என்று அறிவித்துக்கூடப் பார்த்தது. தேர்வு செய்ய மனமில்லாத நிர்வாகம் கடைசி நேரத்தில் எடுத்த தற்காப்பு அது என்றே படுகிறது. மான்டானா அதை ஏற்கவில்லை. கான்சாஸ் சிட்டிக்குப் போனார். 1994 செப்டம்பரில் பழைய அணியை 24–17 என்று தோற்கடித்தார். சர்ச்சை ஓய்ந்தது, யங் சான் டியேகோவுக்கு எதிராக ஆறு டச் டவுன் எறிந்து 49–26 என்று சூப்பர் பவுல் வென்ற 1995 ஜனவரியில்தான். ‘இளையவர்’ யங்குக்கு அப்போது வயது 33.

இந்தச் சச்சரவு எட்டு ஆண்டுகள் அணையாமல் எரிந்ததற்கு வானொலியும் ஒரு காரணம். 1987 ஜூலையில் நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற முழுநேர விளையாட்டு வானொலி தொடங்கியது; பிற நகரங்களும் பின்தொடர்ந்தன. தொலைபேசியில் அழைக்கும் ரசிகர்களை நம்பி நாள் முழுக்கப் பேச வேண்டிய நிலையத்துக்கு இதைவிட வற்றாத தலைப்பு எது?

2001-இல் மரபு முற்றிலும் போயிற்று. நியூ இங்கிலாந்தின் ட்ரூ பிளெட்சோ அந்த மார்ச்சில்தான் பத்தாண்டுக்கு 10.3 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார். செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜெட்ஸ் வீரர் மோ லூயிஸ் மோதியதில் மார்புக்குள் இரத்தக்குழாய் கிழிந்தது. இறங்கியவர், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் 2000-ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் 199-ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி. நவம்பரில் மருத்துவர்கள் பிளெட்சோவுக்கு அனுமதி அளித்த பிறகும் பயிற்சியாளர் பில் பெலிசிக் பிரேடியை மாற்றவில்லை. பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் பிரேடியின் கணுக்கால் பிசகியபோது பிளெட்சோ வந்து டச் டவுன் எறிந்து வெற்றிக்கு உதவினார். அடுத்த வாரம் சூப்பர் பவுலில் மறுபடி பெஞ்ச். சுவையான முரண் ஒன்று: மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதே பிரேடி மூத்தவராக இருந்தபோது, உள்ளூர் இளைஞர் ட்ரூ ஹென்சனை இறக்கச் சொல்லி ரசிகர்கள் குரல் எழுப்பினார்கள்.

ஊதியக் கணக்கு

1994-இல் வந்த ஊதிய உச்சவரம்பு (ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர்) வாட்டர்ஃபீல்ட்–வான் பிராக்ளின் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரண்டு விலையுயர்ந்த குவாட்டர்பேக்குகளை வைத்திருந்தால் மற்ற இடங்கள் பட்டினி கிடக்கும். ஆனால் இளையவரும் அப்போது மலிவானவர் அல்ல. 2010-இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர். அதில் 5 கோடி உறுதித் தொகை. மறு ஆண்டு வீரர் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாடு புதியவர்களின் ஊதியத்துக்கு வரம்பு கட்டியது. அதே முதலிடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான்.

எந்தப் பயிற்சியாளரும் செய்யாத மாற்றத்தை இந்த ஒரு ஷரத்து செய்தது என்பேன். 2012-இல் சியாட்டில், தொடக்க வீரராக்குவதற்கென்று பணம் கொடுத்து மேட் ஃபிளினைக் கூட்டிவந்தது. பயிற்சி முகாமிலேயே மூன்றாம் சுற்றில் எடுத்த ரஸல் வில்சன் அவரை முந்தினார். மறு சீசனில் சூப்பர் பவுலை 43–8 என்று வென்றபோது வில்சனின் ஆண்டு அடிப்படை ஊதியம் ஆறு லட்சம் டாலருக்கும் கீழே. மிச்சமான பணத்தில் தடுப்பு வரிசை கட்டலாம் என்பதை லீக் முழுக்கப் புரிந்துகொண்டது.

இந்த மாற்றத்தின் இரு முனைகளிலும் அடிபட்டவர் அலெக்ஸ் ஸ்மித். 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆட்டத்தில் 19 எறிதல்களில் 18-ஐச் சரியாகச் சேர்த்தார். அடுத்த ஆட்டத்தில் தலையில் அடி. காலின் கேப்பர்னிக் உள்ளே வந்தார். ஸ்மித்துக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை. கான்சாஸ் சிட்டிக்குப் போய், 2017-இல் எறிதல் மதிப்பீட்டில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அந்த வருடம் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து அவரைக் கவனித்தவர் பத்தாவதாகத் தேர்வான பேட்ரிக் மஹோம்ஸ். 2018 தொடக்கத்தில் ஸ்மித் வாஷிங்டனுக்கு மாற்றிக்கொடுக்கப்பட்டார். அந்த சீசனில் மஹோம்ஸ் 50 டச் டவுன் எறிந்தார். நன்றாக ஆடியும் இடம் போகும் என்பதற்கு ஸ்மித்தைவிடத் தெளிவான சான்று இந்த வரலாற்றில் இல்லை.

ரசிகர் குரலுக்கு வலுவே இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. 2017 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ், தொடர்ந்து 210 ஆட்டங்களைத் தொடங்கிய ஈலை மானிங்கை உட்காரவைத்தது. ஊரே கொதித்தது. ஒரு வாரத்துக்குள் பயிற்சியாளர் பென் மெக்காடூவும் பொது மேலாளர் ஜெரி ரீஸும் வேலை இழந்தார்கள், மானிங் திரும்பினார். ஆனால் 2019-இல் இரண்டு தோல்விக்குப் பின் அவர் இடம் புதியவர் டேனியல் ஜோன்ஸுக்குப் போனபோது அந்தக் கொதிப்பு இல்லை. ரசிகர்களால் தேதியைத் தள்ளிப்போட முடிந்தது. கிரீன் பேயில் நடந்ததும் இதற்கு ஒப்பானதே. 2008-இல் பிரெட் ஃபார்வ் ஓய்வை ரத்துசெய்து திரும்ப முயன்றபோது பயிற்சி முகாமில் ஆரன் ராட்ஜர்ஸை ரசிகர்கள் ஏசினார்கள். அதே ராட்ஜர்ஸ் மூத்தவரான பிறகு, 2020-இல் ஜோர்டன் லவ் தேர்வானபோது, அவருக்காக அணி நிர்வாகத்தை ஏசினார்கள். நிர்வாகம் இரண்டு முறையும் இளையவரிடமே போய்ச் சேர்ந்தது. இரண்டு முறையும் மூத்தவரை ஜெட்ஸுக்கே அனுப்பியது.

2024-இல் அட்லாண்டா இந்த வரலாற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. மார்ச்சில் கிர்க் கசின்ஸுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம். ஏப்ரலில் எட்டாவது தேர்வாக மைக்கேல் பெனிக்ஸ். டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சுக்குப் போனார். உச்சவரம்பு காலத்தில் முடியாது என்று நினைத்த இரட்டைக் குவாட்டர்பேக் ஏற்பாடு, புதியவர் ஊதியம் இவ்வளவு குறைந்ததால் மறுபடி முடிந்தது. 2025 சீசனுக்குள் அட்லாண்டா நுழைந்தபோது இருவரும் அணியில் இருந்தார்கள். தொடக்க வீரர் பெனிக்ஸ், 2.75 கோடி டாலர் உறுதி ஊதியம் பெஞ்சில் இருந்த கசின்ஸுக்கு.