சிம்லா வீதியை யார் போட்டது?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

மூன்று மாதமாக எங்கள் வட்ஸ்அப் குழுவில் இமயமலையைத் தவிர வேறு பேச்சில்லை. கலாசாலையில் ஒன்றாகப் படித்த எட்டுப் பேர் நாங்கள். இப்போது எட்டுப் பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது சேர்ந்து போவோம். கடல் தாண்டிப் போகத் திட்டமிடுவது இதுதான் முதல் தடவை. டில்லி வரை விமானம், அங்கிருந்து சாரதியோடு ஒரு வேன், பத்து நாள். விரும்பிய இடத்தில் நிற்க வேண்டும், தொழுகை நேரத்தில் இறங்க வேண்டும், ஹலால் சாப்பாடு தேட வேண்டும். அதனால் முகவர்களின் ஆயத்தப் பயணம் எதுவும் வேண்டாம் என்று பாதையை நாங்களே வரைகிறோம்.

முதலில் ஓகஸ்ட் விடுமுறை என்றுதான் பேச்சு. இமாச்சலப் பிரதேசத்தில் அது மழைக்காலம். 2023 ஓகஸ்டில் சிம்லாவின் சமர் ஹில் பகுதியில் மலை சரிந்து ஒரு கோயிலையே கொண்டுபோனது. பக்கத்தில் ரயில் தண்டவாளம் மண் இல்லாமல் அந்தரத்தில் தொங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரமழான் விடுமுறை நீளமானதுதான், ஆனால் நோன்போடு மலைப்பாதை சரிவராது. கடைசியில் ஏப்ரல் நடுப்பகுதி என்று முடிவாயிற்று.

பாதை இது: டில்லி, சண்டிகர், கல்கா, சிம்லா. அங்கிருந்து நார்கண்டா. பிறகு சட்லஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, 3,000 மீற்றருக்கும் மேலே உள்ள ஜலோரிக் கணவாயைக் கடந்து குல்லு, மணாலி. அங்கிருந்து 2020 ஒக்டோபரில் திறந்த 9 கிலோமீற்றர் அடல் சுரங்கத்தால் கீலாங் வரை போய்த் திரும்புவது. ஏப்ரலில் மணாலி–லே வீதி பனியில் மூடியிருக்கும். அதனால் லே இல்லை. இதற்கே இரண்டு பேர் ஒரு கிழமை கோபத்தில் இருந்தார்கள்.

உண்மையான சண்டை வேன் கட்டண விபரம் வந்த அன்றுதான் தொடங்கியது. சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் தனிச் செலவு என்று கடைசி வரியில் போட்டிருந்தது. "மச்சான், அங்க ட்ரைவர்மார் வேனுக்குள்ளதான் படுப்பாங்களாம். அவருக்கு எதுக்கு ரூம்?" என்றார் கணக்கு வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. எட்டு ஆசிரியர்களின் சம்பளத்தில் பயணம் போவதென்றால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். இரண்டு இரவு வண்டியை ஓடவிட்டால் ஹோட்டல் செலவும் மிஞ்சும் என்று இன்னொருவர் கணக்குப் போட்டார். வாக்கெடுப்பு வைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் எங்களில் மூன்று பேர் வரலாறு படிப்பிக்கிறோம். போகிற ஊரைப் பற்றி வாசிக்காமல் போகிற பழக்கம் இல்லை. வாசிக்கத் தொடங்கியதும் எதிரே வந்து நின்றவர் எங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு வெள்ளைக்காரர்.

சிம்லாவில் இமாச்சலப் பிரதேச ஆளுநரின் வாசஸ்தலமாக இருந்து வந்த கட்டடத்துக்குப் பெயர் பார்ன்ஸ் கோர்ட். 1972 ஜூலையில் இந்திரா காந்தியும் சுல்பிகார் அலி பூட்டோவும் சிம்லா உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அங்கேதான். அந்த பார்ன்ஸ் யார்? சாட்சாத் எங்கள் எட்வேர்ட் பார்ன்ஸ்! கொழும்பு–கண்டி வீதி போட்ட தேசாதிபதி. கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் சிலையாக நிற்கிறாரே, கொழும்பிலிருந்து தூரங்களை எந்தச் சிலையிலிருந்து அளக்கிறார்கள் என்று பொது அறிவுப் பரீட்சையில் கேட்பார்களே, அவரேதான். 1831இல் இலங்கையை விட்டுப் போனார். அடுத்த வருடம் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியானார். நுவரெலியாவில் அவர் கட்டிய வீடு வளர்ந்துதான் இன்றைய கிராண்ட் ஹோட்டல். சிம்லாவில் அவர் இருந்த வீட்டில் அவருடைய பெயரே தங்கிவிட்டது. இரண்டு மலைநகரம், ஒரே மனிதர்.

கண்டி வீதியைப் பற்றி பாடப்புத்தகத்தில் என்ன படிப்பிக்கிறோம்? பார்ன்ஸ் போட்டார், கடுகண்ணாவையில் கற்பாறையைக் குடைந்தார், கண்டி இராச்சியம் மறுபடி எழும்ப முடியாதபடி படைகளை ஏற்ற வழி செய்தார். கடுகண்ணாவையில் நிற்கும் உயரமான வெள்ளைக் கோபுரம் கப்டன் டோசன் என்ற பொறியியலாளரின் ஞாபகமாகக் கட்டியது. எத்தனை தடவை அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தி மாணவர்களுக்கு அந்தக் கோபுரத்தைக் காட்டியிருக்கிறோம்! அந்தப் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலானோர் கூலி வாங்காதவர்கள். மன்னர் காலத்து இராஜகாரிய முறையை, அதாவது காணி வைத்திருப்பவன் அதற்காகச் சேவை செய்ய வேண்டும் என்ற வழக்கத்தை, பார்ன்ஸ் தன் வீதி வேலைக்குத் திருப்பிக்கொண்டார். வயலைப் போட்டுவிட்டு ஊர் ஊராக வந்து மலை வெட்டினார்கள். அவர்களுக்குக் கோபுரம் கிடையாது.

கோல்புறூக் ஆணைக்குழு இராஜகாரியத்தை ஒழிக்கச் சொன்னது, 1830களின் தொடக்கத்தில் அது ஒழிந்தது என்று பரீட்சைக்கு எழுதுவோம். 1848இல் வேறு பெயரில் திரும்பி வந்தது: வயதுவந்த ஒவ்வொரு ஆணும் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். அந்த வருடம் மாத்தளையில் கலகம் வெடித்ததற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

இதில் எங்கள் சமூகத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைச் சோனகரையும் செட்டிகளையும் அந்நியர் என்று பதிந்து, இங்கே குடியிருப்பதற்காகக் கட்டாய வேலை செய்யச் சொன்னார்கள். சுமை தூக்குவது, துறைமுக வேலை, கோட்டை வேலை. முடியாவிட்டால் காசு கட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஊழியம். ஆங்கிலேயர் வந்த பிறகுதான் அது போனது. இன்று எங்கள் எல்லோருடைய படிவத்திலும் 'அரச ஊழியர்' என்றுதான் எழுதுகிறோம். சொல்லுக்கு ஞாபகம் இல்லை போலும்.

இமயமலையில் அதற்குப் பெயர் பேகார்.

1814–1816 கூர்க்கா யுத்தத்துக்குப் பிறகு அந்த மலைகள் கம்பனியின் கைக்கு வந்தன. 1822இல் கென்னடி என்ற அதிகாரி சிம்லாவில் முதலாவது நிலையான வீட்டைக் கட்டினார். சமவெளி வெயில் தாங்காத வெள்ளைக்காரர் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். வீதி இல்லை. சாமான் எப்படி வந்தது? ஆள் முதுகில். கட்டில், அலுமாரி, புத்தகம், துரைசானி இருக்கிற பல்லக்கு, எல்லாம். மலையிலிருந்த சிற்றரசர்களை அவர்களின் இடத்திலேயே விட்டுவைத்த கம்பனி, பதிலுக்குக் கேட்டவற்றில் ஒன்று வேலைக்கு ஆள். அரசர் ஊருக்குச் சொல்வார், ஊர்த்தலைவர் வீட்டுக்குச் சொல்வார், வீட்டுக்கொரு ஆள் போக வேண்டும். விதைப்பா அறுவடையா என்று யாரும் பார்ப்பதில்லை.

1850இல் டல்ஹௌசி பிரபு காலத்தில் இந்துஸ்தான்–திபெத் வீதி தொடங்கியது. கல்காவிலிருந்து சிம்லா, அங்கிருந்து சட்லஜ் ஓரமாகத் திபெத் எல்லையை நோக்கி. மலையிலே பேகாரை ஒழிக்க வேண்டும், வண்டி ஓடினால் மனிதர் சுமக்கத் தேவையில்லை என்பது அந்த வீதிக்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று. வீதியை வெட்டியதும் பேகார் ஆட்களை வைத்துத்தான்! நாங்கள் வேனில் ஏறிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகப்போவது பெரும்பாலும் அந்த வழியேதான். 1864இலிருந்து சிம்லா கோடைகாலத் தலைநகராகியது. முழு இந்தியாவின் அரசாங்கமும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு வருடாவருடம் மலையேறி இறங்கியது. 1903இல்தான் கல்கா–சிம்லா ரயில் வந்தது. 96 கிலோமீற்றர், நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். அந்தச் சுரங்கங்களுக்கு வழி காட்டியவர் எழுதப்படிக்கத் தெரியாத பல்கு என்ற மலைவாசி என்று ஊரார் சொல்வார்கள். இன்று சிம்லாவில் ரயில் நூதனசாலைக்கு அவர் பெயர்தான்.

ரயில் வந்தும் பேகார் போகவில்லை. அதை நிறுத்தியவர்கள் சுமந்தவர்களே.

கிழக்கே குமாவுன் மலையில் பாகேஷ்வர் என்று ஓர் ஊர். சரயு, கோமதி என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடம். 1921 ஜனவரி 14, மகர சங்கராந்தித் திருவிழா. அந்தக் கூட்டத்தில் பத்ரி தத் பாண்டே முதலானவர்கள் பேசினார்கள். இனிக் கூலி வேலைக்குப் போக மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் சத்தியம் செய்தார்கள். கிராமத் தலைவர்கள் கையில் பதிவேடு இருந்தது. எந்த வீட்டிலிருந்து எவர் எப்போது சுமக்கப் போக வேண்டும் என்ற பெயர்ப்பட்டியல். அதைக் கொண்டுவந்து ஆற்றில் எறிந்தார்கள்.

வாசித்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். தினமும் காலையில் பதிவேடு திறந்து பெயர் கூப்பிடுகிற தொழில் எங்களுடையது.

பாகேஷ்வர் எங்கள் பாதையில் இல்லை. மற்ற ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்தோம், பனி இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆனால் நார்கண்டாவுக்குப் பக்கத்தில் கோட்கட் இருக்கிறது. பிலடெல்பியாவில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1904இல் தொழுநோயாளருக்குச் சேவை செய்ய இந்தியா வந்து, அங்கே காணி வாங்கி, உள்ளூர்ப் பெண்ணை மணமுடித்து, மலைவாசியாகவே ஆகிவிட்டார். 1921 அளவில் கோட்கட் மக்களோடு நின்று பேகாரை எதிர்த்தார். சுமக்க மறுத்தால் அரசாங்கம் என்ன செய்யும்? ஒரு ஊரே மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேயும் அரசாங்கம் இறங்கி வந்தது. அதே ஸ்டோக்ஸ்தான் 1916இல் அமெரிக்காவிலிருந்து சிவப்பு அப்பிள் கன்றுகளை வரவழைத்து அந்த மலையில் நட்டவர். இமாச்சலத்து அப்பிள் வியாபாரத்துக்கு அதுதான் மூலம். துரைமாரின் பெட்டிகளைச் சும்மா சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் தோட்டத்து அப்பிள் பெட்டிகளை அதே வீதியால் லொறியில் அனுப்புகிறார்கள். கோட்கட்டில் ஓர் இரவு தங்குவது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

எல்லாம் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. சிம்லாவின் மோல் வீதியில் சாதாரண வாகனங்கள் போக முடியாது. கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் இன்றும் கயிறு கட்டிய முதுகில்தான் ஏறுகின்றன. சுமப்பவர்களில் அநேகர் கஷ்மீரிலிருந்து வரும் முஸ்லிம்கள். இன்னும் மேலே லே பக்கத்து எல்லை வீதிகளில் பனியில் நின்று தார் ஊற்றுபவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்த கூலியாட்கள். 2020இல் கொரோனா முடக்கத்தில் லேயில் அகப்பட்டுக்கொண்ட அப்படிப்பட்ட 60 பேரை ஜார்க்கண்ட் அரசாங்கம் விமானத்தில் ஊருக்குக் கொண்டுவந்தது. தங்கள் கையால் வீதி போட்டவர்கள் அந்த வீதியால் வீடு திரும்ப முடியாமல் இருந்தார்கள்.

லே என்றதும் இன்னொருவர். குலாம் ரசூல் கல்வான், லேயைச் சேர்ந்த ஏழை முஸ்லிம் பையன். சிறு வயதிலேயே வெள்ளைக்காரப் பயணிகளுக்குச் சுமை தூக்கவும் குதிரை பார்க்கவும் போனார். பிறகு வழிகாட்டியானார், கரவன் தலைவரானார். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் தன் கதையைத் தானே எழுதினார். 1923இல் அது புத்தகமாக வந்தது. பெயர், 'சாஹிப்மாரின் வேலைக்காரன்'. 2020இல் இந்தியப் படையும் சீனப் படையும் மோதிக்கொண்டதே, அந்தக் கல்வான் பள்ளத்தாக்கு இவருடைய பெயர்தான். மலையில் சுமந்த இலட்சக்கணக்கானோரில் தன் பெயரை வரைபடத்தில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதையெல்லாம் குழுவில் குரல் பதிவாகப் போட்டோம். ஒருவர் "சேர், இது டூரா, ஓஎல் கிளாஸா?" என்று கேட்டார். கணக்கு வைத்திருப்பவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் புதிய அட்டவணை ஒன்று வந்தது. இரவு ஓட்டம் எடுபட்டிருந்தது. ஏப்ரலிலும் கீலாங்கில் இரவுக் குளிர் பூச்சியத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று சிவப்பில் எழுதியிருந்தார். சாரதிக்கு எல்லா இரவும் அறை, எங்களோடு ஒரே மேசையில் சாப்பாடு. தலைக்கு வரும் மேலதிகத் தொகையையும் சதம் பிசகாமல் பிரித்துப் போட்டிருந்தார். பணத்தைச் சமப்படுத்த மணாலியில் ஒரு நாளைக் குறைத்தாயிற்று. அதற்கு வேறு இரண்டு பேர் இப்போது கோபம்.

விசா வேலை தொடங்கிவிட்டது. இன்ஷா அல்லாஹ், ஏப்ரலில் புறப்படுகிறோம். ஜலோரிக் கணவாய் வழியாகப் போய் வந்தவர்கள் இதை வாசித்தால், அந்த நேரம் பனி எவ்வளவு இருக்கும், பெரிய வேன் அந்த வளைவுகளில் ஏறுமா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஏறாது என்றால் சாரதியைக் கஷ்டப்படுத்தாமல் மண்டி வழியாகச் சுற்றிப் போவோம்.