காட்டினரும் கோவிலும்: பெத்தாயவெசி ஊரின் திருச்சபை வரலாறு

திருச்சபை வரலாறு என்றதும் பேராயர்களையும் சங்கங்களையுமே நாம் எண்ணுகிறோம். எளிய உழவர்களும் அதனை உருவாக்கினர் என்பதற்கு மத்திய பின்லாந்திலுள்ள பெத்தாயவெசி என்னும் சிற்றூர் சான்றாகும். ‘பெத்தாய’ என்பது பைன் மரம். ‘வெசி’ என்பது நீர். காடும் ஏரியுமே அவ்வூரின் வாழ்வு.

பதினாறாம் நூற்றாண்டில் பின்லாந்து சுவீடன் அரசின்கீழ் இருந்தது. 1527இல் திருச்சபைச் சீர்திருத்தத்திற்கு வழிவகுத்த மன்னர் குஸ்தாவ் வாசா, ஆளற்ற காடுகளில் மக்கள் குடியேறுவதையும் ஊக்குவித்தார். கிழக்கே சாவோ நாட்டிலிருந்து வந்தோர் காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் ரை தானியம் விதைத்தனர். சில விளைச்சலில் நிலம் வளம் குன்றும். மீண்டும் புதுக்காடு தேடவேண்டும். இவ்வாறு சிதறி வாழ்ந்தோரை ஒரு சபையாகக் கூட்டுவது எளிதன்று. தாய்ச்சபையான யாம்சாவோ நெடுந்தொலைவில் இருந்தது.

1686ஆம் ஆண்டுச் சபைச் சட்டம் ஒவ்வொருவரும் வினாவிடையைக் கற்றிருக்க வேண்டுமென விதித்தது. குருவானவர் மக்களிடையே சென்று அவர்களைச் சோதித்தறிந்தார். 1642இல் முழு வேதாகமமும் பின்னிய மொழியில் அச்சாகியிருந்தது. ஆகவே ஆலயம் எழுமுன்னரே இல்லங்களில் திருவசனம் இடம்பெற்றிருந்தது எனலாம்.

1763 முதல் 1765 வரை யாக்கோ லெப்பானென் என்னும் தச்சரின் தலைமையில் ஆலயம் கட்டப்பட்டது. அவர் கல்லூரியில் பயின்ற சிற்பி அல்லர். நான்கு கைகளும் சமமான சிலுவை வடிவம், மரக்கட்டைச் சுவர், நடுவே எண்கோணக் குவிமாடம், செங்குத்தான கூரை என நகரத்துக் கலைமரபுகள் நாட்டுக் கோடரியில் ஒன்றாயின. பிரசங்க பீடத்தைக் கிறிஸ்தோபரின் மரச்சிலை தாங்குகிறது. இரு ஏரிகள் கூடும் நிலமுனையில் இடம் தெரிந்தெடுத்தனர்; கோடையில் படகிலும் குளிரில் உறைந்த பனிமீதும் மக்கள் வந்து சேரலாயிற்று. 1821இல் அவருடைய பேரன் எர்க்கி மணிக்கூண்டை எழுப்பினார்.

1879இல் புதிய ஆலயம் கட்டப்பட்டதும் பழையது கைவிடப்பட்டது. எனினும் கல்லறைத் தோட்டமும் மணிக்கூண்டும் தொடர்ந்து பயன்பட்டன. அடக்க ஆராதனையின் மணி அங்கிருந்தே ஒலித்தது. புதுப்பிக்க எவரும் முற்படாமையால் பழைய அமைப்பு ஏறக்குறைய அப்படியே எஞ்சியது. 1994இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இவ்வரலாறு நம்மை ஒரு கேள்விக்குள்ளாக்குகிறது. நிலம் மாற்றி வாழ்ந்தோரின் வழிவந்த மக்கள், இறைவனுக்கென நிலையான ஓரிடத்தைத் தம் கையாலேயே அமைத்தனர். அதனை அவர்கள் பிறரிடமிருந்து கொடையாகப் பெறவில்லை. வருமானமும் கட்டடங்களும் பெருகிய சபைகளில், தச்சனும் உழவனும் ‘இது எங்கள் ஆலயம்’ என்று கூறும் உரிமை இன்றும் நிலைத்திருக்கிறதா? வரலாற்றைக் கற்போர் இதனை ஆராய்தல் தகும்.