தங்க ஊசியின் பயணம்: சீனக் கண் மருத்துவத்தில் இந்தியச் சுவடுகள்

சீன மருத்துவம் என்றவுடன் பலருக்கும் அக்குபங்சர் நினைவுக்கு வரும். ஆனால், சீனக் கண் மருத்துவ நூல்கள் பேசும் ஊசிகள் இரண்டு. ஒன்று, உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகப்படும் மெல்லிய ஊசி. மற்றொன்று, கண்ணுக்குள்ளேயே நுழைந்து கண்புரையை விலக்கும் 'தங்க ஊசி'. முன்னது சீன மண்ணில் வளர்ந்தது. பின்னது இந்தியாவிலிருந்து சென்றது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதப்படும் வரலாறு இரு நாட்டு மரபுகளுக்கும் நியாயம் செய்வதில்லை.

சீன மருத்துவத்தின் மூலநூலாகக் கருதப்படும் 'ஹுவாங்தி நெய்ஜிங்', கண்ணைத் தனி உறுப்பாகப் பார்ப்பதில்லை. கல்லீரலின் வாயில் கண். உள்ளுறுப்புகளின் சாரமெல்லாம் மேலேறிக் கண்ணில் சேர்கிறது என்பதே அதன் பார்வை. 3ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மீ தொகுத்த அக்குபங்சர் நூலும் இவ்வடிப்படையிலேயே நிற்கிறது. கண்ணின் உள்முனையருகே உள்ள 'ஜிங்மிங்', காலில் உள்ள 'குவாங்மிங்' ஆகிய புள்ளிகளின் பெயர்களிலேயே ஒளி, தெளிவு என்னும் பொருள் உண்டு. இம்மரபின் நோக்கம் உள்ளோட்டத்தைச் சீர்செய்வது. விழியைத் துளைப்பது அன்று.

விழியைத் துளைக்கும் அறுவை முறை 'சுசுருத சம்ஹிதை'யின் உத்தர தந்திரப் பகுதியில் விரிவாக உள்ளது. கபத்தால் விளையும் லிங்கநாசம் என்னும் பார்வையிழப்புக்கு, இரத்த நாளங்களைத் தவிர்த்து வெண்விழியின் பக்கவாட்டில் ஊசியைச் செலுத்த வேண்டும். பின்னர் நெய்யிட்டுக் கட்டுப்போட்டு நோயாளியை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். இருமல், தும்மல், ஏப்பம் ஆகியவற்றை அவர் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அங்கு உண்டு.

இம்முறை சீனத்தை அடைந்த வழி பௌத்தம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தர்மக்ஷேமர் சீனத்தில் மொழிபெயர்த்த மகாபரிநிர்வாண சூத்திரத்தில், பார்வையற்றவரின் கண்படலத்தைத் தங்கக் கருவியால் நீக்கும் மருத்துவர் உவமையாக வருகிறார். 752இல் வாங் தாவ் தொகுத்த 'வைதாய் மியாவ்' இன்னும் வலுவான சான்று. அதன் கண் மருத்துவப் பகுதி 'தியென்ஜு', அதாவது இந்திய, நூலின் வழிவந்தது எனத் தலைப்பிலேயே அறிவிக்கிறது. மேற்குத் திசைத் துறவி ஒருவரிடமிருந்து பெறப்பட்ட அறிவு என்றும் கூறுகிறது. நிலம், நீர், தீ, காற்று என்னும் நாற்பெரும் பூதங்களால் ஆனது உடல் என்று தொடங்கும் அப்பகுதி, கண்புரைக்குத் தங்க ஊசியைப் பரிந்துரைக்கிறது.

தாங் காலக் கவிஞர் லியு யூஷி, பிராமணத் துறவியான கண் மருத்துவர் ஒருவரை நோக்கிக் கவிதை எழுதியுள்ளார். கண் நோயால் அவதியுற்ற பாய் ஜூயியின் கவிதையில் 'லுங்ஷு'வின் நூல் குறிப்பிடப்படுகிறது. லுங்ஷு என்பது நாகார்ஜுனரின் சீனப் பெயர். இதனைக் கொண்டு நாகார்ஜுனரே அந்நூலை எழுதினார் என முடிவுகட்ட இயலாது. எனினும், நூலுக்கு மதிப்புச் சேர்க்க ஓர் இந்தியப் பெயர் தேவைப்பட்டது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி.

சீனர்கள் இதனை அப்படியே நகலெடுக்கவில்லை. 992இல் நிறைவுற்ற 'தாய்பிங் ஷெங்ஹுய் ஃபாங்' தொகுப்பு முதல், 'ஐந்து சக்கரங்கள்' என்னும் கோட்பாடு கண் மருத்துவத்தில் இடம்பெறுகிறது. இமை மண்ணீரலுக்கும், கண்முனைகள் இதயத்துக்கும், வெண்விழி நுரையீரலுக்கும், கருவிழி கல்லீரலுக்கும், கண்மணி சிறுநீரகத்துக்கும் உரியனவாயின. அயல்நாட்டு ஊசி உள்நாட்டு உடற்கோட்பாட்டுக்குள் குடியேறியது. 18ஆம் நூற்றாண்டில் ஹுவாங் திங்ஜிங் அவ்வறுவையை எட்டுப் படிகளாக வகுத்தார்.

ஆயினும், தங்க ஊசி புரையை வெளியேற்றவில்லை. பார்வைக் கோட்டிலிருந்து உள்ளே தள்ளியது மட்டுமே. அதனால் கிருமித்தொற்று, கண் அழுத்தம் உயர்தல் போன்ற ஆபத்துகள் நீடித்தன. 1747இல் பிரான்சின் ஜாக் தாவியேல் புரையுற்ற வில்லையையே வெளியே எடுத்த பின்னர் அறுவையின் திசை மாறியது. எனினும், 1975இல் மாவோவின் கண்புரைக்கு மருத்துவர் தாங் யூச்சி செய்த அறுவை, அப்பழைய ஊசி முறையின் திருத்திய வடிவமே.

இவ்வரலாறு இரண்டு எளிய பெருமைகளை மறுக்கிறது. சீன மருத்துவம் பிறர் கலப்பற்றது என்பது ஒன்று. எல்லாம் இந்தியாவின் கொடை என்பது மற்றொன்று. பழமை என்பது பயனுக்குச் சான்றும் ஆகாது. கண் அழுத்த நோய்க்கு அக்குபங்சர் பலனளிக்கிறதா என ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வுகள், உறுதியான முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறுகின்றன. அந்நோயில் இழந்த பார்வை மீள்வதில்லை. காலந்தாழ்த்துவோர் கொடுக்கும் விலை பெரிது. மரபைப் போற்றுவதும் அதனைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அயலார் கையிலிருந்து ஊசியை வாங்கிச் சோதித்துத் தமதாக்கிக்கொண்ட தாங் கால மருத்துவர்கள் அதனை அறிந்திருந்தனர்.