பேத்திக்குச் சொன்ன மூன்று தொடர்கள்

சென்ற மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. "தாத்தா, பார்க்கிற மாதிரி சீரியல் ஏதாவது சொல்லுங்க. கொலை, மாமியார், பேய் மூணும் வேண்டாம்" என்றாள்.

யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றிய மூன்றுமே 1986-க்கும் 1989-க்கும் இடையில் தூர்தர்ஷனில் வந்தவை. சொன்னதும் சிரித்தாள். "வயசானவங்க எல்லாருமே எங்க காலத்துல வந்ததுதான் நல்லதுன்னு சொல்வாங்க."

நியாயமான சந்தேகம்தான். அந்தக் காலத்தில் வந்தது எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். பாதி நேரம் உரத்தைப் பற்றியும் மீதி நேரம் மந்திரிகள் அடிக்கல் நாட்டியதைப் பற்றியும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த மூன்று, நான்கு வருடங்களில் மட்டும் ஏதோ ஒன்று நடந்தது. அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் பரிசோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆகஸ்ட் 15 ஆயிற்று. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணம் வந்தது. 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடங்கியது. மெக்ஸிகோ நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களைத் தொடர்கதையாக எடுத்து வெற்றி பெற்றிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த யோசனை இது. முதல் 13 பகுதிகளில் பிரசாரம் தூக்கலாக இருந்ததால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. எழுத்தாளர் மனோகர் ஷியாம் ஜோஷி பிரசாரத்தைக் குறைத்து, குடும்பக் கதையைக் கூட்டினார். வட இந்தியா முழுவதும் பிடித்துக்கொண்டது. நூடுல்ஸ் விற்கும் நிறுவனம் ஒன்று விளம்பரம் கொடுத்தது.

இதற்குப் பிறகு ஒரு வழி திறந்தது. எடுப்பதற்குத் தனியார் பணம், ஒளிபரப்ப அரசின் அனுமதி. போட்டிக்கு வேறு சேனல் கிடையாது. ஆகவே எந்தத் தொடரை அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று வாராவாரம் கவலைப்பட வேண்டியதில்லை. சினிமாவில் கலைப்படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்த நல்ல இயக்குநர்கள் இந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் சேனல்கள் வந்ததும் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொண்டது. நான் சொல்லும் மூன்றும் அந்த இடைவெளியில் நுழைந்தவை.

முதலாவது, 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்தவர். மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக், கர்நாடக மலைநாட்டில் மழைக்குப் பெயர்போன ஆகும்பேயை மால்குடியாக மாற்றினார். இசை நம் எல். வைத்தியநாதன். டைட்டிலில் வரும் கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தவை. சுவாமியாக நடித்த சிறுவன் மஞ்சுநாத், அவன் அப்பாவாக கிரீஷ் கர்னாட். சுவாமியின் கதை 1930-ல் நடக்கிறது. வெள்ளைக்கார ஆட்சி, அந்நியத் துணி பகிஷ்காரம் எல்லாம் ஒரு பத்து வயதுப் பையனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைக்குமா என்பதுதான் அவன் கவலை. வரலாறு படிக்கிற பிள்ளைகள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். பெரிய சம்பவங்கள் நடந்தபோதும் பெரும்பாலான மக்கள் கணக்குப் பரீட்சையைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, ஷியாம் பெனகல் எடுத்த 'பாரத் ஏக் கோஜ்'. மொத்தம் 53 பகுதிகள். நேரு அகமதுநகர் கோட்டைச் சிறையில் இருந்தபோது 1944-ல் எழுதிய புத்தகத்தைத் தழுவியது. நேருவாக ரோஷன் சேத் வந்து பேசுவார், அதன் பிறகு அந்தக் காலம் நாடகமாக விரியும். சாணக்கியர், அசோகர், அக்பர், ஔரங்கசீப் என்று போகும். நம்மவர்களுக்கு ஒரு சங்கதி. சிலப்பதிகாரத்துக்கும் சோழர்களுக்கும் தனித்தனியே இரண்டிரண்டு பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். கண்ணகி இந்தியில் நியாயம் கேட்பது முதலில் விநோதமாகத்தான் இருக்கும். பழகிவிட்டால் ஒன்று புரியும். இந்திய வரலாறு என்றால் கங்கைக் கரையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை டெல்லியின் தொலைக்காட்சியே ஒப்புக்கொண்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. அரங்க அமைப்பு எளிமையாகத்தான் இருக்கும். இன்றைய கிராபிக்ஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். காதைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

மூன்றாவது, 'தமஸ்'. தமஸ் என்றால் இருள். தாமச குணம் என்று நாம் சொல்கிறோமே, அதே சொல்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும்.

பீஷ்ம சாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்தவர், நடிகர் பல்ராஜ் சாஹ்னியின் தம்பி. 1947 மார்ச்சில் அந்தப் பகுதியில் நடந்த கலவரங்களை நேரில் கண்டவர். 1970-ல் பம்பாய்க்கு அருகே பிவண்டியில் கலவரம் நடந்தபோது அங்கே போய்ப் பார்த்தார். பழைய நினைவுகள் எழும்பின, நாவல் எழுதினார். அதற்கு சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. கோவிந்த் நிஹலானி அதைப் படமாக்கினார். கதை இப்படித் தொடங்குகிறது. தோல் பதனிடும் ஏழைத் தொழிலாளி நத்துவிடம் ஒருவன் ஐந்து ரூபாய் கொடுத்து, ஒரு பன்றியைக் கொன்று தரச் சொல்கிறான். கால்நடை டாக்டருக்குத் தேவை என்கிறான். மறுநாள் காலை பன்றியின் உடல் மசூதி வாசலில் கிடக்கிறது. ஓம் பூரி நத்துவாக நடித்தார். வீட்டைவிட்டு ஓடும் வயதான சீக்கியராக சாஹ்னியே நடித்தார்.

1988 ஜனவரியில் இது ஒளிபரப்பானது. தமிழ்நாட்டில் அப்போது எம்.ஜி.ஆர். இறந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. டீக்கடையில் ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. இரவு தேசிய நிகழ்ச்சி தொடங்கியதும் இந்தி வந்துவிடும். பல வீடுகளில் டிவியை அணைத்துவிடுவார்கள். திருச்சியில் எங்கள் தெருவில் நான் அணைக்காததற்குக் காரணம், எதிர்வீட்டில் இருந்த ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். சுபேதார் ஐயா என்று கூப்பிடுவோம். அவர் வந்து உட்கார்ந்து இந்தியை வரிக்கு வரி தமிழில் சொல்வார்.

'தமஸ்' தொடரில் ஓர் இடம் வரும். கிராமத்து குருத்துவாராவில் சீக்கியர்கள் சூழப்பட்டிருப்பார்கள். பெண்கள் வரிசையாகப் போய்க் கிணற்றில் குதிப்பார்கள். ராவல்பிண்டி மாவட்டத்தில் தோவா கால்சா என்ற ஊரில் உண்மையிலேயே இப்படி நடந்திருக்கிறது. அந்த இடம் வந்ததும் பெரியவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். "இதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் தம்பி" என்றார்.

முடிந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். 1947-ல் அவர் அம்பாலாவில் இருந்தாராம். "ரயில் வருதுன்னு ஸ்டேஷன்ல தண்ணி பிடிச்சு வச்சோம். வந்த ரயில்ல குடிக்க ஆள் இல்ல." அவ்வளவுதான் சொன்னார். நாற்பது வருடம் கூட வாழ்ந்த அவர் மனைவி அன்றைக்குத்தான் இதை முதல் தடவையாகக் கேட்டார்.

மறுநாள் அவர் மகன் என்னிடம் வருத்தப்பட்டார். "அப்பா ராத்திரி தூங்கவே இல்லை. அரசாங்கம் எதுக்கு இதையெல்லாம் போடணும்? ஆறின புண்ணைக் கிளறினா யாருக்கு லாபம்? இதைப் பார்த்துட்டு எங்காவது கலவரம் வந்தா?" அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடு முழுவதும் பலருக்கு அதே பயம் இருந்தது.

வழக்கும் வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவர் இடைக்காலத் தடை விதித்தார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் லெண்டின், சுஜாதா மனோகர் இருவரும் முழுத் தொடரையும் போட்டுப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். இன்னொரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1988 பிப்ரவரி 16 அன்று தள்ளுபடியானது. சுதந்திரத்துக்கு முன்பு நாகபுரியில் நீதிபதி விவியன் போஸ் வகுத்த ஓர் அளவுகோலை அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. ஒரு படைப்பின் விளைவை, நிதானமும் மனத்திடமும் உள்ள மனிதனின் கண்ணால் அளக்க வேண்டும், எதைக் கண்டாலும் ஆபத்து என்று நடுங்குகிறவனின் கண்ணால் அளக்கக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியாவில் இன்றைக்கும் ஒரு படத்தைத் தடை செய்யச் சொல்லி யாராவது நீதிமன்றம் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

சுபேதார் ஐயாவுக்கு இந்தத் தீர்ப்பு பற்றி எதுவும் தெரியாது. மகன் தடுத்தும் அடுத்த பகுதிக்குச் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல வரிக்கு வரி சொன்னார். அவர் தூங்கினாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஞ்சாபைப் பற்றி, அங்கே சாப்பிட்ட கடுகுக்கீரையைப் பற்றி, இரண்டு தரப்பிலும் இருந்த நண்பர்களைப் பற்றி அவ்வப்போது பேசத் தொடங்கினார். மகனும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மூன்றும் இணையத்தில் தேடினால் கிடைக்கின்றன. படத்தின் தெளிவு சுமார்தான். முதலில் 'மால்குடி டேஸ்', பிறகு 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் பிடித்த பகுதிகள், கடைசியில் 'தமஸ்' என்ற வரிசையில் பாருங்கள். 'தமஸ்' சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. பெரியவர்களும் தனியாகப் பார்க்க வேண்டாம். பேசுவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

பேத்தி என் வரிசையைக் கேட்கவில்லை. ஊருக்குப் போனதும் நேராக 'தமஸ்' பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "தாத்தா, நத்து மேல கோபப்படணுமா, பரிதாபப்படணுமான்னே தெரியல. அவன் அஞ்சு ரூபாய் வாங்கினான் இல்ல?"

முப்பத்தைந்து வருடமாக எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.