வண்ணம் பூண்ட மாலைப்பொழுது

வரலாறு என்றவுடன் போர்க்களங்களும், முடிசூட்டு விழாக்களும், அரசர்தம் பெயர்களுமே மாணவர் மனத்தில் முந்தி நிற்கின்றன. மக்கள் தம் இல்லங்களில் அமர்ந்து இன்புற்றுக் கழித்த ஒரு மாலைப்பொழுதும் வரலாறே என்று நான் சொன்னால் சிலர் முறுவலிக்கக்கூடும். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. 1969-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், சனிக்கிழமை. பிரிட்டனில் பி.பி.சி.யின் முதல் அலைவரிசையும், ஐ.டி.வி. என்னும் வணிக அலைவரிசையும் அன்றுதான் முறைப்படி வண்ண ஒளிபரப்பைத் தொடங்கின.

அந்நாள் திடீரென வந்ததன்று. ஜான் லோகி பெயர்டு 1928-ஆம் ஆண்டிலேயே வண்ணப் படத்தை அனுப்பிக் காட்டினார். ஆனால் சோதனைச் சாலையில் வென்ற ஒன்று சாமானியன் வீட்டை அடைய நெடுங்காலம் ஆயிற்று. 1953-இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட வண்ண முறையில் ஒரு குறை இருந்தது. வழியில் அலை சற்றே பிறழ்ந்தால் நிறமும் பிறழ்ந்துவிடும். நடிகரின் முகம் பச்சை பூத்துத் தோன்றும். ஜெர்மானியப் பொறியியலாளர் வால்டர் புரூக் இதற்கு மாற்றுக் கண்டார். படத்தின் ஒரு வரியில் நிறத்தை ஒருவகையாகவும், அடுத்த வரியில் அதனைத் தலைகீழாகவும் அனுப்பினால், ஒன்றன் பிழையை மற்றொன்று ஈடு செய்துவிடும். பி.ஏ.எல். எனப்படும் இம்முறையையே பிரிட்டன் தேர்ந்தது. 1982-இல் நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது இந்தியா கைக்கொண்டதும் இம்முறையே.

1967 ஜூலை முதல் நாள், விம்பிள்டன் டென்னிஸ் ஆட்டங்களைப் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை வண்ணத்தில் காட்டிற்று. அப்போது அதன் தலைவராக இருந்தவர் டேவிட் அட்டன்பரோ. வண்ணத்தால் பொருள் பெறும் நிகழ்ச்சிகளை அவர் நாடினார். ஓவியங்களையும் கோயில்களையும் கொண்டு மேலைநாட்டுப் பண்பாட்டை விளக்கிய கென்னத் கிளார்க்கின் 13 பகுதித் தொடர் 1969-இல் அவ்வாறு பிறந்தது. அதே ஆண்டில் ஸ்னூக்கர் ஆட்டமும் திரைக்கு வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு எனப் பந்தின் நிறத்தைக் கொண்டே புள்ளி கணக்கிடும் ஆட்டம் அது. கறுப்பு வெள்ளையில் அதனைக் காண்போன் என்ன அறிவான்?

இனி அந்த நவம்பர் நாளுக்கு வருவோம். நள்ளிரவில், ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பெட்டுலா கிளார்க் அளித்த இசை நிகழ்ச்சியுடன் பி.பி.சி. தொடங்கிற்று. இரவில் லிவர்பூல், வெஸ்ட் ஹாம் அணிகளின் கால்பந்தாட்டம் காட்டப்பெற்றது. அதுவரை வெளிர்நிழல்களும் கருநிழல்களுமாய் ஓடிய ஆட்டக்காரர்கள், பசும்புல் தரையில் செந்நிற உடையுடன் ஓடுவதை மக்கள் கண்டனர்.

ஆனால் எத்தனை பேர் கண்டனர்? வண்ணப் பெட்டியின் விலை மிகுதி. அதற்குரிய உரிமக் கட்டணமும் மிகுதி. 1970-களின் நடுப்பகுதி வரை கறுப்பு வெள்ளை உரிமங்களே எண்ணிக்கையில் முன்னின்றன. இங்கே நான் வியப்பது ஒன்றுண்டு. ஒளியையும் நிறத்தையும் பிரித்து அனுப்பியமையால், நிறமறியாப் பெட்டியும் அதே நிகழ்ச்சியைக் கறுப்பு வெள்ளையில் காட்டிற்று. பழைய 405 வரிப் பெட்டிகளுக்குரிய ஒளிபரப்பும் 1985 வரை நீடித்தது. புதுமை வந்த நாளிலேயே எளியவரின் பெட்டி ஊமையாகிவிடவில்லை.

புதுமைக்கு வேறொரு விலையும் இருந்தது. வண்ணக் கருவிகளைக் கையாளக் கூடுதல் ஊதியம் வேண்டி, ஐ.டி.வி. தொழிலாளர் 1970 நவம்பர் முதல் 1971 பிப்ரவரி வரை வண்ணத்தில் பணியாற்ற மறுத்தனர். 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' என்னும் புகழ்பெற்ற தொடரின் முதற்பகுதிகள் அக்காரணத்தால் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கப்பட்டன. எசமானரும் பணியாளரும் ஒரே வீட்டில் வாழ்ந்த கதை அது என்பது சிந்தனைக்குரியது.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்று ஓசையின்றி நிகழ்ந்தது. ஒளிப்பதிவு நாடாக்கள் விலையுயர்ந்தவை. அழித்து மீண்டும் பயன்படுத்தத்தக்கவை. வண்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளை யார் கேட்பார் என்று கருதி அவற்றுள் பலவற்றை அழித்தனர். 'டாக்டர் ஹூ' தொடரில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் இன்று இல்லை. வண்ண நாடாக்களும் தப்பவில்லை. சில நிகழ்ச்சிகள் அயல்நாட்டு விற்பனைக்கென எடுத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களாக மட்டுமே எஞ்சின.

அச்சுருள்களில் நுண்ணிய புள்ளிகள் படிந்திருந்தன. அவற்றைப் படத்தின் குறை என்றே முன்னர் எண்ணினர். உண்மையில் அவை வண்ண அலை விட்டுச்சென்ற சுவடுகள். கணிப்பொறியின் துணையால் அப்புள்ளிகளைப் படித்து, இழந்த நிறங்களை மீட்டனர். 'டாட்ஸ் ஆர்மி' தொடரில் 1969-இல் ஒளிபரப்பான ஒரு பகுதி, இவ்வாறு நிறம் பெற்று 2008-இல் மீண்டும் ஒளிபரப்பாயிற்று.

மாணவர்கள் இதனைக் கருத்தில் இருத்தவேண்டும் என்பது என் விழைவு. எது நிலைக்கத் தக்கது என்பதை அந்தந்தக் காலத்தவர் முழுதும் அறிவதில்லை. கல்வெட்டைக் காப்பது போலவே, ஒலிநாடாவையும், படச்சுருளையும், பழுத்த செய்தித்தாளையும் காத்தல் கற்றவர் கடன். ஓர் இனம் எதைக் கண்டு சிரித்தது, எதைக் கேட்டு உருகியது என்பதை அரண்மனை ஏடுகள் சொல்லா. இத்தகைய எளிய பொருள்களே சொல்லும்.