ஃப்ரேம் வாடகை

ஐடி கம்பெனிகளில் 'லுட்டைட்' என்பது சாதாரணமாகப் புழங்கும் ஒரு கேலிச்சொல். இந்தப் புது டூல் நமக்கு எதற்கு என்று மீட்டிங்கில் ஒருவர் கேட்டால் போதும், சிரித்துக்கொண்டே அந்தப் பட்டத்தைக் கட்டிவிடுவார்கள். இயந்திரத்தைக் கண்டு மிரண்ட பாமரன், முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றவன் என்று அர்த்தம். பெயர் வந்த கதையும் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். இங்கிலாந்தில் புது மெஷின்கள் வந்தன, வேலை போய்விடும் என்று பயந்த தொழிலாளிகள் சுத்தியலால் அடித்து நொறுக்கினார்கள், அப்புறம் தோற்றுப்போனார்கள். இவ்வளவுதான்.

இந்தக் கதையில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. 1811 மார்ச் 11 அன்று நாட்டிங்காம் பக்கத்தில் ஆர்னல்ட் என்ற ஊரில் உடைக்கப்பட்டவை காலுறை பின்னும் ஃப்ரேம்கள். அந்த ஃப்ரேமை வில்லியம் லீ என்பவர் உருவாக்கியது 1589-ல். அதாவது, உடைபட்ட மெஷினின் வயது 222. உடைத்தவர்களின் அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லோரும் அதே ஃப்ரேமில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட இயந்திரத்தை ஒருவன் ஏன் உடைக்க வேண்டும்?

இதற்கு விடை தேடினால் அந்த மெஷினின் பற்சக்கரங்களைவிட அதன் கணக்குப் புத்தகத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

1

காலுறை பின்னும் ஃப்ரேம் கையாலும் காலாலும் ஓட்டுவது. நீராவி, ஃபேக்டரி எதுவும் கிடையாது. நாட்டிங்காம்ஷயர், லெஸ்டர்ஷயர், டெர்பிஷயர் கிராமங்களில் வீட்டுக்குள்ளேயே ஃப்ரேம் இருக்கும். வெளிச்சத்துக்காக அந்த வீடுகளில் நீள நீளமான ஜன்னல்கள் வைத்திருப்பார்கள். ஆண் ஃப்ரேமில் உட்காருவார், மனைவி காலுறையின் ஓரங்களைத் தைப்பார், பிள்ளைகள் நூல் சுற்றுவார்கள். நகரத்து முதலாளி நூல் கொடுப்பார், பின்னிய காலுறைக்கு டஜன் கணக்கில் கூலி தருவார். இருவருக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு இடைத்தரகர் இருப்பார்.

பார்க்க சுயதொழில் மாதிரித்தான் இருக்கிறது. சொந்த வீடு, சொந்த நேரம், மேஸ்திரி கிடையாது. ஃப்ரேம் மட்டும் பெரும்பாலும் அவனுடையது இல்லை. முதலாளியிடமோ தரகரிடமோ வாடகைக்கு எடுத்தது. சாதாரண ஃப்ரேமுக்கு வாரத்துக்குச் சுமார் ஒரு ஷில்லிங். சனிக்கிழமை கூலி வாங்கப் போனால் முதலில் வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஊசி, மெழுகுவர்த்தி, நூல் சுற்றும் செலவு, தையல் செலவு எல்லாம் அவன் தலையில். வாரம் முழுக்க வேலை இருந்தாலும் அதே வாடகை, பாதி வாரம் நூல் வராமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதே வாடகைதான்.

இங்கேதான் விஷயம் விபரீதமாகிறது. ஒரு உதாரணத்துக்கு, தரகர் ஒருவரிடம் பத்து ஃப்ரேம்களுக்கான வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்து வாடகை. அதே வேலையைப் பதினைந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தால்? பின்னப்படும் காலுறை அதேதான், கொடுக்கும் கூலியும் அதேதான், ஆனால் வாடகை பதினைந்து. ஒவ்வொருவனும் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் சும்மா இருப்பான், அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்கும் அவனே காசு கட்டுவான். இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. வேலையை இப்படி மெலிதாகப் பரப்பிக் கொடுப்பது அந்தத் தொழிலில் ஊரறிந்த பழக்கம். 1845-ல் ரிச்சர்ட் மகரிட்ஜ் என்ற அரசு ஆணையர் இந்தத் தொழிலாளர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தபோது, அதில் முக்கியப் புகாராக இருந்தது ஃப்ரேம் வாடகைதான்.

பழைய ஃப்ரேம்கள் சில பவுண்டுகளுக்கே கைமாறின. வாரம் ஒரு ஷில்லிங் என்றால் வருஷத்துக்கு 52 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு 12 ஷில்லிங். சில வருஷங்களில் போட்ட முதல் திரும்பிவிடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். விளைவு, காலுறைத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத கடைக்காரர்கள்கூட நாலு ஃப்ரேம் வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். நாம் ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடுவதுபோல. 1812 வாக்கில் ஏறக்குறைய 30,000 ஃப்ரேம்கள் இருந்தன. 1844-ல் வில்லியம் ஃபெல்கின் எண்ணிப் பார்த்தபோது 48,482. சந்தை தேங்கிக் கிடந்தாலும் ஃப்ரேம்கள் பெருகின. காலுறை விற்காவிட்டாலும் வாடகை வருமே.

சொந்த ஃப்ரேம் வாங்கிக்கொண்டால் தப்பிக்கலாமா? அதுவும் கஷ்டம். சொந்த ஃப்ரேம் வைத்திருப்பவனுக்கு வேலை கடைசியில்தான் வரும், மந்த காலத்தில் வரவே வராது. போதாக்குறைக்கு, பல இடங்களில் கூலியைக் காசாகத் தராமல் தரகரின் கடையில் சாமானாகத் தருவார்கள். சாமான் விலை அதிகம், தரம் மட்டம். கடன் ஏறும். கடன்பட்டவன் இன்னொரு முதலாளியிடம் எப்படிப் போவான்?

2

இப்போது 1811-க்கு வருவோம். நெப்போலியனோடு போர் நடக்கிறது. ஐரோப்பியச் சந்தை மூடிக்கிடக்கிறது, அந்த வருஷம் அமெரிக்கச் சந்தையும் அடைபட்டது. விளைச்சல் மோசம், ரொட்டி விலை எகிறுகிறது. ஃபேஷன் வேறு மாறி, முழங்கால்வரை நீளும் காலுறைக்குப் பதில் ஆண்கள் கால்சட்டைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

நெருக்கடியில் முதலாளிகள் சிலர் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். காலின் வடிவத்துக்கு ஏற்றாற்போல் பின்னாமல், அகலமான ஃப்ரேமில் துணியாகப் பின்னி, வெட்டி, தைத்து விற்பது. சீக்கிரம் பிரிந்துவிடும் மட்டமான சரக்கு. அதைச் செய்யத் தொழில் கற்றவன் தேவையில்லை, பயிற்சி இல்லாத இளைஞர்களைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லோருடைய கூலியும் இறங்கியது. வாடகை மட்டும் இறங்கவில்லை.

சங்கம் வைத்துப் பேசலாமா என்றால் 1799, 1800 சட்டங்கள் கூலிக்காகக் கூட்டு சேர்வதையே குற்றமாக்கியிருந்தன. மிச்சமிருந்தது ராத்திரியும் சுத்தியலும்தான். முகத்தை மறைத்துக்கொண்டு போனார்கள், 'ஜெனரல் லுட்' என்ற இல்லாத ஒருவர் பெயரில் கடிதம் எழுதினார்கள். ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறைய ஆயிரம் ஃப்ரேம்கள் உடைந்தன. ஆனால் கண்மூடித்தனமாக உடைக்கவில்லை. ஒழுங்கான கூலி தரும் முதலாளியின் ஃப்ரேமைத் தொடாமல் விட்டுவிட்டு, கூலியைக் குறைத்தவர், வெட்டித் தைக்கும் சரக்கு செய்பவர் ஆகியோரின் ஃப்ரேமைத் தேடி உடைத்தார்கள். கோபத்தில்கூட ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள்.

இயக்கம் பரவியபோது கதை இடத்துக்கு இடம் மாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யார்க்ஷயரில் கம்பளித் துணியின் மேல்மயிரைக் கத்தரிக்கும் கைவினைஞர்களின் வேலையை நிஜமாகவே ஒரு மெஷின் பறித்துக்கொண்டிருந்தது. அங்கே 1812 ஏப்ரலில் ராஃபோல்ட்ஸ் மில்லைத் தாக்கினார்கள், அதே மாதம் வில்லியம் ஹார்ஸ்ஃபால் என்ற மில் முதலாளியைச் சுட்டுக் கொன்றார்கள். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். லுட்டைட்களை வெறும் நல்லவர்களாக்கிக் காட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் அரசு என்ன செய்தது என்று பாருங்கள். சுமார் 12,000 படைவீரர்களை அந்த மாவட்டங்களில் இறக்கியது. ஃப்ரேம் உடைப்புக்கு மரண தண்டனை என்று சட்டம் கொண்டுவந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சையே, 1812 பிப்ரவரி 27 அன்று, அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். மசோதா நிறைவேறிவிட்டது.

அதே வருஷம் கிராவனர் ஹென்சன் என்ற தொழிலாளர் தலைவர் சுத்தியலை நம்பாமல் சட்டத்தை நம்பினார். கையெழுத்து வாங்கி, நிதி திரட்டி, தொழிலில் நடக்கும் மோசடிகளைத் தடுக்க ஒரு மசோதாவை நாடாளுமன்றம்வரை கொண்டுபோனார். கீழ்சபை ஒப்புக்கொண்டது. பிரபுக்கள் சபை தூக்கி எறிந்தது. ஃப்ரேமைக் காப்பாற்ற ஒரு சட்டம் கிடைத்தது, ஃப்ரேமில் உட்கார்ந்தவனைக் காப்பாற்ற எதுவும் கிடைக்கவில்லை.

3

பக்கத்து லங்காஷயரின் கைத்தறி நெசவாளர்கள் கதையும் இதற்கு ஒத்துப்போகிறது. விசைத்தறி வந்து அவர்களை அழித்தது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். போல்டன் நகர நெசவாளரின் வாரக் கூலி 1795-ல் 33 ஷில்லிங், 1815-ல் 14 ஷில்லிங் என்று வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் கணக்குக் காட்டுகிறார். பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் 1813-ல் மொத்த பிரிட்டனிலும் இருந்த விசைத்தறிகள் சுமார் 2,400 மட்டுமே. கைத்தறி நெசவாளர்களோ சில லட்சம் பேர். மெஷின் வந்து சேர்வதற்கு முன்பே கூலி விழுந்துவிட்டது. குறைந்தபட்சக் கூலி கேட்டு அவர்கள் போட்ட மனு 1808-லேயே நாடாளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தது. பேரம் பேசும் வழிகளை எல்லாம் அடைத்த பிறகுதான் மெஷின் வந்தது. 1833-ல் விசைத்தறிகள் ஒரு லட்சம். ஏற்கெனவே கீழே விழுந்து கிடந்தவன்மேல் ஏறிப் போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் இந்தக் காலகட்டத்துக்கு 'எங்கெல்ஸ் இடைவெளி' என்று பெயர் வைத்தார். அவர் மதிப்பீட்டின்படி 1780 முதல் 1840 வரை பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46% கூடியது, உண்மைக் கூலி வெறும் 12% கூடியது. அதற்குப் பிறகு கூலி வேகமாக ஏறத்தான் செய்தது. 'கடைசியில் எல்லாருக்கும் நல்லதுதானே நடந்தது' என்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் அந்த இடைவெளி அறுபது வருஷம். ஒரு மனிதனுக்கு அது முழு ஆயுள்.

4

ஃப்ரேம் வாடகைக்கு என்ன ஆயிற்று? கூலியைக் காசாகவே தர வேண்டும் என்று 1831-ல் சட்டம் வந்தது. அப்படியானால் வாடகைப் பிடித்தமும் சட்டவிரோதம்தானே என்று வழக்குப் போட்டார்கள். 1846-ல் நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. இதில் இன்னொரு வினோதம் உண்டு. பருத்தித் தொழில் நீராவிக்கு மாறிப் பல காலம் ஆகியும் காலுறைத் தொழில் மாறவில்லை. ஏன் மாற வேண்டும்? கைஃப்ரேம் சும்மா இருந்தாலும் வாடகை கொட்டுகிறது. நீராவி மெஷின் சும்மா இருந்தால் நஷ்டம் முதலாளிக்கு. ஆக, தொழில்நுட்ப முன்னேற்றத்துக்குக் குறுக்கே பல வருஷம் நின்றது லுட்டைட் மட்டுமில்லை, வாடகையும்தான். 1864-ல் வில்லியம் காட்டன் விசையால் ஓடும் பின்னல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார், தொழில் மெல்ல ஃபேக்டரிக்குள் நகர்ந்தது. 1874-ல் கூலியிலிருந்து ஃப்ரேம் வாடகை பிடிப்பதை நாடாளுமன்றம் தடை செய்தது. அதற்குள் கைஃப்ரேமின் காலமே முடிந்துகொண்டிருந்தது.

சர்வர் சம்பந்தப்பட்ட வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். சும்மா ஓடும் சர்வருக்குக் கம்பெனி காசு கட்டுகிறது, அதனால் அதைக் குறைக்க மண்டையை உடைத்துக்கொண்டு கோட் எழுதுகிறோம். ஆனால் டாக்ஸி ஆப்பில் பயணிக்காகக் காத்திருக்கும் காருக்கு யார் காசு கட்டுகிறார்? ஆப் இல்லை. கடனில் அந்தக் காரை வாங்கிய டிரைவர். சவாரி வந்தாலும் வராவிட்டாலும் மாதத் தவணை கட்டியாக வேண்டும். அதிக கார்கள் சும்மா காத்திருந்தால் பயணிக்கு வண்டி சீக்கிரம் வரும், ஆப்புக்கு நல்ல பெயர். அந்தச் சிஸ்டத்தை டிசைன் செய்பவனுக்குச் சும்மா இருக்கும் காரைக் குறைக்க எந்த அவசரமும் இல்லை. நாட்டிங்காம் தரகர் இதைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

புது மெஷின் வரும்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை பேருக்கு வேலை போகும்? அந்தக் கேள்வி முக்கியம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாட்டிங்காம் ஃப்ரேம் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. வேலையில் வைத்தபடியே, வேலையில்லாத நேரத்துக்கும் காசு வாங்கிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் பட்டினி போட்டது. அதனால் இன்னும் சில கேள்விகளும் கூடவே வேண்டும். மெஷின் யாருடையது? அதற்கான கடன் யார் பெயரில் இருக்கிறது? அது சும்மா நிற்கும் நாளில் நஷ்டம் யாருக்கு? சுத்தியலைக் கையில் எடுத்தவர்கள் இந்தக் கேள்விகளை ரொம்பத் தெளிவாகவே கேட்டார்கள். பதில் சொல்ல நாடாளுமன்றத்துக்கு 63 வருஷம் ஆனது.